மவுஸ் சக்கரமும் வலது கரையும்

அன்றைக்கு மாலை நான்கு மணிக்கு முதலாளி வருவதாக இருந்தது. காலை பத்து மணிக்கே என் மவுஸ் சக்கரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருங்கள் என்று விரட்டியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அது எல்லோருக்கும் தெரியும்.

முதலாளி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பட்டு நெசவு செய்கிறவர். ஓரிக்கை ரோட்டில் மணலில் வண்டி சறுக்கி விழுந்து அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. உள்ளே தகடு வைத்து ஸ்குரூ போட்டார்கள். ஆறு மாதம் தறியில் உட்காரவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் டம்ளரைப் பிடித்தால் விரல் நடுங்கும். அதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். தறியில் குறுக்கே போகும் ஊடை இழையைப் பலகையால் இழுத்து அடித்து நெருக்க வேண்டும். இரண்டு கையும் ஒரே அளவு பலத்தோடு வேலை செய்தால்தான் துணி நேராக வரும். வலது கை தளர்ந்தால் வலது பக்கம் கோணிக்கொண்டு போகும்.

கை குணமாகிவிட்டது என்று இவரே, நீளவாக்கில் ஓடும் பாவு இழையும் ஜரிகையும் கொடுத்து வீட்டில் நெய்து வாங்கும் முதலாளியிடம் போய் வேலை கேட்டார். முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் கறார். "பாவு தர்றேன்பா. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து மொத முழம் பாப்பேன். ரெண்டு கரையும் சமமா இருக்கணும். கோணல் இருந்துதுன்னா பாவை அவுத்து வேற தறிக்கு மாத்திடுவேன். அப்புறம் என்ன தப்பா நெனக்கக் கூடாது" என்று என் முன்னால்தான் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். பாவு போனால் அதோடு நெசவே போனது என்று இவர் முடிவு கட்டியிருந்தது எனக்குத் தெரியும். செக்யூரிட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று போனில் யாரிடமோ விசாரித்ததைக் கேட்டிருந்தேன்.

அந்தச் சேலைக்கு டிசைன் வரைந்தது நான். கிராப் பேப்பரில் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பிப் பழகியவள், இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறேன். வரைந்ததைப் பிரிண்ட் எடுத்து, அட்டை அடிக்கிற பாய்க்கு அனுப்புவேன். அவர் வரிக்கு ஒரு அட்டையாக ஓட்டை போட்டுக் கொடுப்பார். அந்த அட்டைகள் தறிக்கு மேலே ஏறி, எந்த இழை எழும்ப வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்று சொல்லும். அட்டை சொன்னபடிதான் பூ விழும். இந்தச் சேலைக்கு இரண்டு கரையிலும் அன்னம். இடது கரை அன்னம் வலப்பக்கம் பார்க்கும், வலது கரை அன்னம் இடப்பக்கம் பார்க்கும். எங்கள் தறியில் இரண்டு கரையையும் தனித்தனியாக வரைய வேண்டும். ஆகவே இடது கரையை வரைந்து, அதைப் பிரதி எடுத்து, திருப்பி, வலது பக்கம் ஒட்டியிருந்தேன்.

கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். மாடியில் குடியிருந்த, ஏனாத்தூர் காலேஜில் வேலை பார்த்த லெக்சரர் அம்மா போட்டுக் கொடுத்தது. வைரஸ் புகுந்து என் டிசைன் எல்லாம் அழிந்து நான் அழுதுகொண்டிருந்த நாளில் வந்து உட்கார்ந்து போட்டார். பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார், லினக்ஸ் என்னிடமே தங்கிவிட்டது. அதோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, கறுப்பு ஜன்னலைத் திறந்து கட்டளை அடிக்கிற அளவுக்குத் தேறியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வேறு ஒருவருக்கான முந்தானை வேலையைத் திறந்தேன். பக்கத்தைக் கீழே தள்ளச் சக்கரத்தைச் சுற்றினால் படம் மேலே ஓடியது. மறுபடியும் சுற்றினேன், கீழே இரண்டு படி இறங்கி, மேலே ஒரு படி எகிறியது. பெரிதாக்கினால் சிறிதாகியது. கொஞ்ச நாள் முன்பு வரை அந்தச் சக்கரம் கிறீச் கிறீச்சென்று கத்தும். பிறகு தானாகவே அடங்கியிருந்தது. அதற்கப்புறம் எப்போதாவது ஒரு படி எகிறும், நான் கண்டுகொள்ளவில்லை. சத்தம் போட்ட வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது, சனியன்.

பக்கத்து அறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டே அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பத்துப் பதினைந்து அடி அடித்துவிட்டு நின்றது. பிறகு நீண்ட நேரம் சத்தமே இல்லை. பிறகு மெல்லிய, கேட்கவே கூடாத ஒரு சத்தம். ஜரிகையை இழை இழையாகப் பிரித்து எடுக்கும் சத்தம்.

இது மூன்றாவது முறை. புதன்கிழமை ஒரு தடவை, வியாழக்கிழமை ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சம் பிரித்திருந்தார். நெய்த துணியின் மேல் துண்டை விரித்து மூடி வைத்திருந்தார். கண் பட்டுவிடும் என்று நினைக்கிறார் போல என்று நான் இருந்துவிட்டேன். எங்கள் வழக்கத்தில், நெசவுக்காரர் மூடி வைத்த துணியைக் கேட்காமல் யாரும் திறக்கக் கூடாது. பெண்டாட்டியாக இருந்தாலும்தான். அதுவும் இந்தச் சமயத்தில் நான் போய் என்ன ஆயிற்று என்று கேட்டால், உங்கள் கை சரியில்லையா என்று கேட்டது போல ஆகிவிடும். ஆகவே கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த எரிச்சலையெல்லாம் மவுஸ் மேல் காட்டினேன். புதன்கிழமை சாயங்காலம் ஏதோ அப்டேட் வந்திருக்கிறது என்று கேட்டது, சரி என்று அழுத்தியிருந்தேன். அதுதான் கெடுத்துவிட்டது என்று முதலில் முடிவு கட்டினேன். அமைப்புகளில் போய், சக்கரம் சுற்றும் திசையை மாற்றும் பொத்தானை மாற்றிப் பார்த்தேன். மாறவில்லை, குழப்பம்தான் இன்னொரு பக்கம் திரும்பியது. அணைத்துப் போட்டேன். அப்டேட்டுக்கு முந்தைய பழைய பதிப்பில் ஏற்றிப் பார்த்தேன். அதே கதை. மவுஸை முன்னால் இருக்கிற துளையிலிருந்து பிடுங்கிப் பின்னால் சொருகினேன். சி.பி.யு.வைத் தட்டினேன். தட்டக்கூடாதுதான், தட்டினேன்.

"இன்னாமா, சுத்தியால அடிக்கிறியா?" என்று தறியிலிருந்து குரல் வந்தது.

"இல்லிங்க, மவுஸ் தகராறு பண்ணுது."

"ஓ" என்றார். வேறு நாளாக இருந்தால் எழுந்து வந்து பார்த்திருப்பார். அன்று வரவில்லை.

பிறகு கறுப்பு ஜன்னலைத் திறந்து, மவுஸ் என்னதான் சொல்கிறது என்று காட்டும் சின்ன நிரலை ஓட்டினேன். சக்கரத்தை மேலே சுற்றினால் ஒவ்வொரு படிக்கும் நான்கு என்று காட்டும், கீழே சுற்றினால் ஐந்து. கீழ்ப்பக்கம் மட்டும் மெதுவாகச் சுற்றினேன். ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு, நான்கு, ஐந்து. நான் கீழே போ என்கிறேன், அது பாதி நேரம் மேலே போகிறேன் என்கிறது. லினக்ஸ் மேல் தப்பில்லை, அப்டேட் மேலும் தப்பில்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது, குற்றவாளி கையில் அகப்பட்டுவிட்டதே என்று.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை. வரையும் புரோகிராமுக்குத் திரும்பி, சோதித்துப் பார்க்க எதையாவது திறப்போம் என்று அன்னக் கரையைத் திறந்தேன். பிரதியை எந்த வரியில் ஒட்ட வேண்டும் என்று எண் கொடுக்கும் சின்ன கட்டம் திரையின் ஓரத்தில் இருக்கும். அம்புக்குறி தற்செயலாக அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. நான் சக்கரத்தை ஒரு படி அசைத்தேன். கட்டத்தில் இருந்த எண் தானாக மாறியது, கூடவே வலது கரையும் நகர்ந்தது. இன்னொரு படி, இன்னொரு எண். அதைக் கிளிக் செய்யவே இல்லை, மேலே அம்புக்குறி இருந்தாலே போதும்.

இடது அன்னத்தின் மூக்கு நுனி எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்தேன். தொண்ணூற்றாறு. வலது அன்னத்தின் மூக்கு நுனி, தொண்ணூற்றொன்பது. மூன்று வரி தள்ளி நின்றது. இரண்டு மூக்கும் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கோளாறு இப்போது வந்ததா, பாய்க்கு அனுப்பும்போதே இருந்ததா? அதுதான் தெரியவில்லை. இந்தக் கோப்பைத் திறந்ததிலிருந்து இதே மவுஸை வைத்துக் கண்டபடி சுற்றியிருக்கிறேன். இப்போதுதான் மாறிற்றோ என்னவோ. எனக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் சேமிக்கிற பழக்கம். கை தன்னால் போய் அந்த இரண்டு விசையையும் அழுத்திவிடும். இந்தத் தடவையும் அழுத்தியிருந்தேன். கோப்பின் தேதி இன்று என்று காட்டியது. நல்ல பழக்கம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததே என் கண்ணைக் கட்டிவிட்டது.

உடனே பாய்க்குப் போன் போட்டேன். நான் அனுப்பிய பிரிண்ட் அவரிடம் இருக்கும். அதைப் பார்த்துச் சொன்னால் போதும். மணி பன்னிரண்டே முக்கால்.

"ஜும்மாவுக்குக் கெளம்பிக்கினு இருக்கேன் மா. கட பூட்டியாச்சு. ரெண்டு மணிக்கு வந்து பாத்து சொல்றேன்."

"அவசரம் பாய்."

"தொழுகைய விட்டுட்டா வர முடியும்? ரெண்டு மணிக்கு மொத வேல உன்னுதுதான் மா."

ரெண்டு மணி வரைக்கும் என்ன செய்வது? கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன், பசிக்கவில்லை என்றார். தறி மறுபடியும் ஓட ஆரம்பித்தது. பத்து அடி அடித்தார், நின்றார், அளக்கிறார் என்று புரிந்தது. பிறகு ஒரு பெருமூச்சு. ஒரு மனுஷன் பெருமூச்சு விடுவது சுவரைத் தாண்டிக் கேட்குமா என்றால், அன்று கேட்டது. போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தரம் எழுந்தேன். என் கணக்கு தப்பாக இருந்து, அட்டை சரியாகவே இருந்துவிட்டால்? உங்கள் கை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பிறகு இல்லை இல்லை என்று நானே மாற்றிச் சொல்ல வேண்டி வந்தால்? அதை விடக் கொடுமை ஒன்று உண்டா? உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தவள் மவுஸையாவது பிரித்துப் பார்ப்போம் என்று கண்ணாடிக்கு வைத்திருக்கும் குட்டி ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். அடியில் ஒட்டியிருந்த வழுவழுப்பான பட்டையைக் கிளப்பி, கீழே இருந்த ஸ்குரூவைக் கழற்றினேன். மூடியைத் தூக்கியதும் மூக்கில் ஏறியது அந்த வாசனை. தறி எண்ணெய்.

சக்கரத்தின் இரு பக்கமும் கறுப்பாக மெழுகிக் கிடந்தது. எண்ணெயும், எங்கள் வீட்டுக் காற்றில் எப்போதும் மிதக்கிற பட்டுத் தூசியும் சேர்ந்து குழைந்து களிம்பாகியிருந்தது. சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒளியை விட்டுப் பார்க்கிற சின்னச் சின்னத் துளைகளெல்லாம் அடைத்துப் போயிருந்தன.

யார் வேலை என்று யோசிக்கவே வேண்டாம். சும்மா இருந்த ஆறு மாதமும் அவர் அந்த நீள மூக்கு எண்ணெய் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். கதவு கீல், கிரைண்டர், ஃபேன், சைக்கிள், பீரோ பூட்டு. கத்துகிற எதையும் அவர் விட்டு வைக்கவில்லை. தறிக்காரர் வீட்டில் சக்கரம் என்றால் எண்ணெய், அவ்வளவுதான். சக்கரத்தின் சத்தம் தானாகவே அடங்கிற்று என்று நான் நினைத்தேன் பாருங்கள், அடங்க வைத்தவர் பக்கத்து அறையில் ஜரிகை பிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே எழுந்து போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் நடுங்குகிற கையால் டப்பாவைச் சாய்த்து எனக்கு உதவி என்று நினைத்து இரண்டு சொட்டு விட்டிருப்பார் என்று தோன்றியது. காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சானிடைசரில் நனைத்து, ஒவ்வொரு துளையாகத் துடைத்தேன். பதினோரு குச்சி ஆயிற்று. ஊதி ஊதிக் காயவைத்தேன். மூடிப் பூட்டி மறுபடியும் அந்த நிரலை ஓட்டினேன். ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. இருபது தடவை சுற்றினேன், ஒரு நான்கு கூட வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. பாய் கூப்பிடும் வரை எனக்கு ஒரு கெட்ட யோசனையும் வந்தது. நான் பேசாமல் இருந்துவிட்டால் இது கைக் கோளாறு என்றுதான் போகும். என் டிசைன் மேல் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்த முதலாளியின் தறி அத்தனைக்கும் நான்தான் வரைகிறேன். அட்டையே தப்பு என்று தெரிந்தால் அந்த வேலை போகும். இவர் கையும் போய் என் வேலையும் போனால் வீட்டில் என்ன இருக்கும்? இப்படி ஒரு கணக்குப் போட்டேன். அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் போட்டேன்.

இரண்டு மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்துப் போன் வந்தது.

"பிரிண்ட்ட பிரிச்சு வெச்சிருக்கேன் மா. இன்னா பாக்கணும்?"

"எடது அன்னம், மூக்கு நுனி எந்த வரி பாய்?"

"தொண்ணூத்தி ஆறு."

"வலது?"

காகிதம் சரசரத்தது. அவர் முணுமுணுத்து எண்ணுவது கேட்டது.

"தொண்ணூத்தி ஒம்போது. ஆமா மா, வலது கொஞ்சம் தள்ளித்தான் இருக்குது. நான் அப்பவே பாத்தேன். புது மாதிரி டிசைன் போலன்னு நெனச்சுக்கினேன்."

"ஒரு வார்த்த கேக்கக் கூடாதா பாய்?"

"கம்ப்யூட்டர்ல வர்றதாச்சே மா. அதப் போய் நான் இன்னா கேக்கறது?"

போனை வைத்துவிட்டு நேராகத் தறி அறைக்குப் போனேன். அவர் தறிக் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார், இரண்டு கையும் மடியில். மூடிய துண்டின் மேல் துணி அகலத்துக்கு நீண்ட ஒரு ஸ்கேல். நான் வந்ததைப் பார்த்ததும் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார்.

"அட்டை தப்புங்க" என்றேன். "நான்தான் தப்பா வரைஞ்சிட்டேன். வலது கரை மூணு வரி தள்ளியிருக்குது. மவுஸ் சக்கரம் கெட்டுப்போய் எண்ணு மாறியிருக்குது, நான் பாக்கல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நம்பவில்லை. நம்பவில்லை என்பது கூட இல்லை, என்னைப் பார்த்து அவருக்குப் பாவமாக இருந்தது.

"என்னக் காப்பாத்தறதுக்காக உன் தலையில போட்டுக்காதமா. அவரு வரட்டும். கை சரியாகலன்னு நானே சொல்லிடறேன்."

"பொய்யா சொல்றேன்?"

"வேற இன்னா? மூணு நாளா பாக்கறேன். வலது பக்கம் கோணிக்கினே போவுது. நானும் பல்லக் கடிச்சிக்கினு அடிக்கறேன், நிக்க மாட்டேங்குது."

அந்த நேரத்தில் எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வெளியே வந்தது. "துண்ட எடுங்க" என்றேன். அவர் எடுக்கவில்லை. நான் எடுத்துவிட்டேன். கேட்காமல் எடுத்தது அதுதான் முதல் தடவை.

நான்கு ஜோடி அன்னம் நெய்திருந்தார். பார்த்த மாத்திரத்தில் வலது பக்கம் தள்ளியிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. முதலாளி பார்த்தால் உடனே கோணல் என்று சொல்லிவிடுவார். இழை எண்ணும் லென்ஸை எடுத்து அவர் கையில் திணித்தேன். அலமாரியிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, இடது அன்னத்தின் மூக்கைத் தொட்டுக்கொண்டு போகிற ஊடை இழையின் மேல் வைத்தேன்.

"இந்த இழையப் புடிங்க. இப்படியே வலது பக்கம் போங்க."

அவர் குனிந்து, லென்ஸை நகர்த்தி நகர்த்தி, அந்த ஒரே இழையோடு சேலையின் அகலம் முழுக்கப் போனார். வலது கரைக்கு வந்து நின்றார்.

"மூக்கு எங்க இருக்குது?"

லென்ஸை மேலும் கீழும் நகர்த்தித் தேடினார்.

"கை தளர்ந்தா துணி கோணும். இழையும் கூடச் சேந்து கோணும். ஆனா அதே இழை ரெண்டு மூக்கையும் தொட்டுத்தான் போவணும். இது தொடுதா?"

"இல்ல" என்றார். "மூணு இழை தள்ளி இருக்குது."

"இழை கோணியிருக்குதா?"

அவர் ஸ்கேலை எடுத்து இழையின் மேல் குறுக்கே வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், ஒரு இம்மி கூட ஏறவுமில்லை இறங்கவுமில்லை.

"அடுத்த அன்னம் பாருங்க" என்றேன்.

பார்த்தார். "மூணு." அதற்கு அடுத்தது. "மூணு." கடைசி அன்னத்துக்கு வந்தபோது அவர் எண்ணவே இல்லை, எண்ணாமலே "மூணுதான்" என்றார். பிறகு சந்தேகம் வந்து எண்ணினார். மூன்றுதான்.

"மூணு நாளா இழைய எண்ணிப் பாக்கவே இல்லியா? அட்டை தப்பா இருக்கும்னு தோணவே இல்லியா உங்களுக்கு?"

"நீ வரைஞ்சதாச்சேமா" என்றார்.

தறிக் குழியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை. வலது கையை விரித்து, மடக்கி, விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு கேட்டார். "சக்கரம் எப்படிக் கெட்டுச்சு?"

"பழசாயிடுச்சு, தூசி" என்றேன்.

"கத்திக்கினு இருந்துதே, அதுவா? ரெண்டு சொட்டு விட்டேனே, அப்புறம் கத்தலியே?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்று அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தார். என் விரலைப் பிடித்து முகர்ந்தார். எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

"அப்போ என் தப்புதான்" என்றார் மெதுவாக.

"ஆமா, உங்க தப்புதான்" என்றேன். "ஆனா கை தப்பு இல்ல. புத்தி தப்பு. அதுக்கு எந்த டாக்டர்கிட்டக் கட்டு போடறதுன்னுதான் எனக்குத் தெரியல."

ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். வண்டியிலிருந்து விழுந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

முதலாளி நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். குனிந்து பார்த்தார். முகம் மாறியது. "இன்னாபா இது, வலது பக்கம்…" என்று அவர் ஆரம்பித்தபோதே நான் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை தப்பு, வரைந்தது நான், பாயைக் கேட்டுப் பாருங்கள், பிரிண்ட் அவரிடம் இருக்கிறது. எண்ணெய் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

"கம்ப்யூட்டர்ல வரைஞ்சா தப்பே வராதுன்னு நீதானமா சொன்ன?"

"சொன்னேங்க. தப்பா சொல்லிட்டேன்."

அவர் தன் சட்டைப் பையிலிருந்து சொந்த லென்ஸை எடுத்தார். இவர் விலகி நின்று இடம் கொடுத்தார். நானும்தான். முதலாளி ஒவ்வொரு அன்னமாக எண்ணினார். இழையோடு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனார், திரும்பி வந்தார். எழுந்து லென்ஸைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"அடி சுத்தமா விழுந்திருக்குதுபா. பாவு இங்கியே இருக்கட்டும். இதப் பிரிச்சுட்டு புது அட்டை வந்ததும் ஆரம்பி." என் பக்கம் திரும்பினார். "நீ அடுத்த ரெண்டு டிசைன் பேப்பர்ல வரைஞ்சு குடு. கம்ப்யூட்டர அப்புறம் பாக்கலாம்."

சரி என்றேன். எனக்கு அது வலித்தது. வாங்கிக்கொண்டேன்.

முதலாளியின் ஸ்கூட்டர் தெரு முனை திரும்பும் வரை இருவரும் வாசலில் நின்றோம். உள்ளே வந்ததும் நான் பிரிக்கிற ஊசியை எடுத்து நீட்டினேன், நெய்த நான்கு ஜோடியையும் மறுபடியும் பிரிக்க வேண்டுமே. அவர் வாங்கவில்லை.

"மொதல்ல உன் போன எடுமா. இத ஒரு போட்டோ புடி."

"தப்பா வந்ததப் போய் எதுக்குங்க போட்டோ?"

"புடி, சொல்றேன்."

பிடித்தேன். இன்னும் கிட்டே வரச் சொன்னார். இழை தெரிகிற மாதிரி, ஸ்கேலைக் குறுக்கே வைத்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி இன்னொன்று பிடிக்கச் சொன்னார். படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். பிறகு உட்கார்ந்து நான்கு ஜோடி அன்னத்தையும் பிரித்தார்.

புது அட்டையில் நெய்த அந்தச் சேலை எந்தக் கல்யாணத்துக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியாது. அதை அவர் போட்டோ எடுத்து வைக்கவில்லை. கோணலாக வந்த அந்த நான்கு ஜோடி அன்னமும் இன்னும் அவர் போனில் இருக்கின்றன. மழை நாளில் மணிக்கட்டு வலிக்கும்போது எடுத்துப் பார்க்கிறார்.